பதில் வராத ஐந்து வெள்ளி

கார்டு மெஷினைக் கடைக் கல்லாவோடு இணைக்கும் தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி ஓயாமல் வரும். வங்கியிலிருந்து பதில் வரவில்லை. அப்படியென்றால் பணம் போகவில்லை என்றுதானே அர்த்தம்? கேட்பவர்கள் இதைக் கம்பிக் கோளாறு பற்றிய கேள்வியாகவே கேட்கிறார்கள். ஜோகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய், கூலாய் என்று இந்த வேலையோடே அலையும் எனக்கு அது வேறு கேள்வியாகத் தெரிகிறது. ஒன்று இல்லை என்பதை மனிதன் எதைக் கொண்டு அறிகிறான்? அறிய முடியாத இடத்தில், அந்த அறியாமையின் சுமை யார் தலையில் இறங்க வேண்டும்? முதல் கேள்விக்கு நம் தத்துவ நூல்களில் நல்ல விடை இருக்கிறது. இரண்டாவதற்கு எனக்கு ஒரு விடை உண்டு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2015 ஏப்ரல் 1-ஆம் தேதி 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தபோதுதான் எங்கள் பக்கத்துச் சிறு கடைகள் பலவற்றில் கணினிக் கல்லா நுழைந்தது. 2018 ஜூன் 1-இல் அந்த வரி பூஜ்யமானது. செப்டம்பரில் விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பி வந்தது. வரி போனாலும் கல்லா போகவில்லை. அதன் பக்கத்தில் வங்கி கொடுத்த கார்டு மெஷின் தனியாக உட்கார்ந்திருந்தது. கல்லாவில் இருப்பவர் கணினியில் 23.50 என்று பார்த்து, அதையே மெஷினில் இன்னொரு முறை தட்ட வேண்டும். அவசரத்தில் புள்ளி இடம் மாறினால் 235 வெள்ளி போய்விடும். இரவில் கடையை மூடியபின் இரண்டு காகிதச் சுருள்களையும் விரித்து வைத்து ஒத்துப் பார்ப்பார்கள். இரண்டையும் இணைத்தால் இந்தத் தொல்லை தீரும் என்றுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். தீரத்தான் செய்கிறது.

இணைத்த பிறகு கல்லாவே தொகையை மெஷினுக்கு அனுப்பிவிடும். மெஷின் கார்டைப் படித்துக் கடைக்காரரின் வங்கிக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு, மைடெபிட் போன்ற ஏதோ ஒரு வலையமைப்பு வழியாகக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும். அந்த வங்கி கணக்கைப் பார்த்து முடிவு சொல்லும். முடிவு வந்த வழியே திரும்பும். இந்தச் செய்திகளுக்கு ஐஎஸ்ஓ 8583 என்ற தரநிலை இலக்கணம் வகுத்திருக்கிறது. பணம் கேட்டுப் போகும் செய்திக்கு 0200 என்று எண். அதற்கான பதிலுக்கு 0210. பதிலுக்குள் ஈரிலக்கக் குறி ஒன்று இருக்கும்: 00 என்றால் சரி, 51 என்றால் கணக்கில் பணம் போதாது, 55 என்றால் ரகசிய எண் தவறு. எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

முடியாத நேரமும் உண்டு. மாலை மழையில் இணையம் படுத்துவிடும். மெஷினுக்குள் இருக்கும் சிம் கார்டு அலையை இழக்கும். செய்தி போகும் வழியில் தொலைந்தால் வங்கிக்கு ஒன்றும் தெரியாது, பணம் கழியாது. திரும்பும் வழியில் தொலைந்தால் வங்கி பணத்தைக் கழித்துவிட்டது, கடைக்குத்தான் தெரியாது. இரண்டும் நேர் எதிரான நிலைகள். கல்லா முன்னால் நிற்பவருக்கோ இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். திரையில் ஒரு வட்டம் சுற்றும், பிறகு நின்றுவிடும், அவ்வளவுதான்.

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் சுபக்கத்தைத் திறப்பவர்கள் முதலில் சந்திப்பது அளவை இயலை, அதாவது அறியும் வழிகளைப் பற்றிய பகுதியை. இறைவனைப் பற்றிக் கேட்க வந்தவனை அருணந்தி சிவாசாரியார் உடனே உள்ளே விடுவதில்லை. ஒன்றை அறிவது என்றால் என்ன என்று முதலில் பாடம் நடத்துகிறார். காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு என ஆறு சொல்வோரையும், அவற்றோடு நான்கைச் சேர்த்துப் பத்தாக்குவோரையும் குறிப்பிட்டுவிட்டு, அத்தனையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். 13-ஆம் நூற்றாண்டு நூல். என் தொழிலுக்கு அது இவ்வளவு உதவும் என்று வாரந்தோறும் கோயில் வகுப்பில் உட்கார்ந்து கேட்ட காலத்தில் நான் நினைக்கவில்லை.

அந்தப் பட்டியலில் இருக்கும் அபாவம் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தரையில் குடம் இல்லை என்று எப்படித் தெரிகிறது? குடத்தைக் காணாததால் தெரிகிறது. அந்தக் காணாமையையே தனியொரு அளவையாகக் கொண்டார்கள் குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள். அதே மீமாம்சையில் பிரபாகரர் பக்கத்தார் அதை ஒப்பவில்லை. நியாய மரபினர் அதைக் காட்சிக்குள்ளேயே அடக்கினார்கள். அந்த வாதம் நெடியது. நான் அதற்குள் போகவில்லை. எனக்கு வேண்டியது குமாரிலர் மரபு விதித்த ஒரு நிபந்தனைதான். குடம் அங்கே இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற சூழல் இருந்தால் மட்டுமே, காணாமையைக் கொண்டு இன்மையைச் சொல்லலாம். வெளிச்சம் இருக்க வேண்டும். கண் பழுதில்லாமல் இருக்க வேண்டும். இருட்டு அறையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை என்று ஆகாது. ஒன்றும் தெரியவில்லை என்றுதான் ஆகும்.

இணைப்பு அறுந்த கல்லா அந்த இருட்டு அறையில்தான் நிற்கிறது. 51 என்று வந்தால் அது வெளிச்சத்தில் பார்த்துச் சொன்ன ‘இல்லை.’ வங்கி பார்த்தது, சொன்னது, சொல் வந்து சேர்ந்தது. எதுவுமே வராமல் போவது அப்படிப்பட்ட ‘இல்லை’ அல்ல.

சித்தியார் காட்சிக்குள்ளேயே இரண்டு குற்றங்களைப் பிரித்துக் காட்டுகிறது: ஐயம், திரிவு. தூரத்தில் நிற்பது கட்டையா ஆளா என்று துணிய முடியாமல் இரண்டுக்கும் நடுவே நிற்பது ஐயம். ஒன்றை வேறொன்றாகத் துணிந்துவிடுவது திரிவு. இரண்டும் குறைகள்தான் என்றாலும் அறத்தில் இரண்டும் சமமல்ல. ஐயத்தில் நிற்பவன் இன்னும் பொய் எதுவும் சொல்லவில்லை. நான் திறந்து பார்த்த கல்லா மென்பொருள்களில் பலவற்றுக்கு இரண்டே நிலைகள்தான் தெரியும்: கட்டியாயிற்று, கட்டவில்லை. பதில் வராத விற்பனையை எங்கே வைப்பது என்று எழுதியவர் யோசிக்கவில்லை. அதனால் அது தானாகக் ‘கட்டவில்லை’ பக்கம் விழுகிறது. மனிதர் எவரும் துணியாமலே, இயந்திரத்துக்குள் ஓர் ஐயம் திரிவாகிவிடுகிறது. திரையில் சிவப்பு எழுத்தில் ‘தோல்வி’ என்று வருகிறது. கல்லாவில் இருக்கும் பிள்ளை அதை நம்புகிறது. “அக்கா, போகலை. இன்னொரு தடவை தட்டுங்க.”

ஜோகூரில் ஒரு கோயிலின் அர்ச்சனைச் சீட்டு முகப்பில் இது நடந்ததை நேரில் பார்த்தேன். யாரோ போட்டுத் தந்திருந்த மென்பொருள் அது. இரவுக் கணக்கு ஏன் அடிக்கடி உதைக்கிறது என்று பார்க்கச் சொல்லி நிர்வாகம் என்னைக் கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை, எலுமிச்சை விளக்கேற்ற வந்த பெண்களின் வரிசை கொடிமரம் தாண்டிப் போயிருந்தது. வயதான ஓர் அம்மா, பேரனுக்கு எஸ்பிஎம் தேர்வு என்று அர்ச்சனைச் சீட்டுக் கேட்டார். ஐந்து வெள்ளி. பேரன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டுக் கார்டைத் தட்டினார். வட்டம் சுற்றியது, தோல்வி என்றது. சீட்டுக் கொடுக்கும் தம்பி மறுபடி தட்டச் சொன்னார். தட்டினார், சீட்டு வந்தது. அவர் நகர்வதற்குள் கைப்பேசியில் வங்கியின் குறுஞ்செய்திகள் அடுத்தடுத்து வந்து விழுந்தன. இரண்டு முறை ஐந்து வெள்ளி கழிந்திருந்தது. தம்பியின் முகம் வெளுத்துப் போனது. அந்த அம்மா சிரித்தார். “அம்மனுக்குத்தானய்யா போச்சு. விடு.”

அந்த மனசை நான் வணங்குகிறேன். ஆனால் அன்று இரவு நிர்வாகத்தில் ஒரு பெரியவர், “அம்மன் கணக்கிலதானே சேர்ந்திருக்கு தம்பி, யாரும் எடுத்துக்கலையே” என்று அதையே சொன்னபோது என்னால் தலையாட்ட முடியவில்லை. கோயிலுக்கு உழைத்துத் தேய்ந்தவர் அவர். கோயில் காசில் ஒரு தேநீர்கூடக் குடிக்காதவர். இருந்தும் அந்தச் சொல் அவர் வாயில் வேறு பொருள் பெறுகிறது. கொடுப்பவர் சொன்னால் பெருந்தன்மை. பெட்டியைக் காப்பவர் சொன்னால், பிறர் பெருந்தன்மையைத் தன் வசதிக்கு எடுத்துக்கொள்வது.

தவறாக இரண்டாம் முறை கழிந்த பணம் காணிக்கை ஆகுமா? ஆகாது என்பது என் முடிவு. அர்ச்சனைக்கு முன் குருக்கள் சங்கல்பம் செய்கிறார். இன்ன பெயர், இன்ன நட்சத்திரம், இன்ன வேண்டுதல் என்று சொல்லித்தான் பூவை எடுக்கிறார். கொடுப்பவரின் எண்ணம் சொல்லாகி முன்னே போக, பூ பின்னே போகிறது. பூவுக்குள்ள நியாயம் பணத்துக்கும் உண்டு. முதல் ஐந்து வெள்ளியின் பின்னால் அந்த அம்மாவின் எண்ணம் இருந்தது. இரண்டாவது ஐந்து வெள்ளி, ‘முதலாவது போகவில்லை’ என்று திரை சொன்ன பொய்யின் பேரில் எடுக்கப்பட்டது. மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை நிகழ்கிறது என்பது சித்தாந்தம். இங்கே கை அசைந்தது. மனம் தவறான செய்தியால் திசை திருப்பப்பட்டிருந்தது. பின்னால் அவர் ‘விடு’ என்றது மன்னிப்பு. மன்னிப்பைக் கோயில் தன் வரவில் எழுதிக்கொள்ளக் கூடாது.

ஐந்து வெள்ளிக்கு இவ்வளவா என்று கேட்கலாம். ஜோகூர் பாருவின் ஜாலான் உங்கு புவானில் இருக்கும் ராஜமாரியம்மன் தேவஸ்தானம் 1911-ஆம் ஆண்டுக் கோயில். இன்று கண்ணாடிக் கோயிலாக உலகமே வந்து பார்க்கும் ராஜகாளியம்மன் கோயில் 1922-இல் சின்னக் கொட்டகையாகத் தொடங்கியது. இந்த ஊரில் நம் கோயில்கள் சின்னச் சின்னக் காணிக்கைகளை நம்பியே நின்றிருக்கின்றன. அதனால்தான் அந்த ஐந்து வெள்ளியைச் சின்னத் தொகை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

கார்டு தட்டும் முறையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முன்பு காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம். 2017 ஜூலை 1 முதல் மலேசியாவில் அதற்குப் பதில் ஆறு இலக்க ரகசிய எண் கட்டாயமானது. செருகாமல் தட்டுகிற கார்டில், தொகை 250 வெள்ளிக்கு மேல் போகாதவரை பொதுவாக அந்த எண்ணும் கேட்பதில்லை. வசதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும், சம்மதம் என்று சொல்ல மனிதன் எடுத்துக்கொள்ளும் நேரம் குறைந்தது. கையெழுத்துப் போடுபவர் தொகையை ஒருமுறை படிப்பார். தட்டுபவர் பெரும்பாலும் படிப்பதில்லை. அவர் பார்க்காததைப் பார்க்க வேண்டிய கடமை வாங்குபவருக்கு வந்து சேர்கிறது.

நல்ல மென்பொருள் எழுதினால் ஐயமே வராதே என்று நிர்வாகத்தில் இளைஞர் ஒருவர் கேட்டார். வரும். 1975-இல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்ற மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்தச் சிக்கல் இருக்கிறது. 1978-இல் ஜிம் கிரே அதை இரண்டு தளபதிகளின் கதையாக்கினார். இரண்டு குன்றுகளில் இரண்டு படைகள். நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. சேர்ந்து தாக்கினால்தான் வெற்றி. விடியலில் தாக்குவோம் என்று ஒருவர் தூதனை அனுப்புகிறார். தூதன் போய்ச் சேர்ந்தானா? அடுத்தவர் ‘சரி’ என்று தூது விடுகிறார். அந்தச் ‘சரி’ வந்து சேர்ந்ததா என்று இப்போது அவருக்குத் தெரியாது. அதற்கு ஓர் ஒப்புகை, அந்த ஒப்புகைக்கு இன்னோர் ஒப்புகை என்று போய்க்கொண்டே இருக்கும். தூதன் வழியில் பிடிபடலாம் என்ற நிலை உள்ளவரை, எத்தனை தூது போனாலும் இருவருக்கும் ஒருசேர முழு உறுதி வராது. இதைக் கணிதமாகவே நிறுவியிருக்கிறார்கள். கல்லா ஒரு குன்று, வங்கி மறு குன்று.

எங்களால் செய்யக்கூடியது ஐயத்தின் ஆயுளைக் குறைப்பது. பதில் வராத விற்பனைக்கு மெஷின் 0400 என்ற எண்ணில் ஒரு செய்தி அனுப்பும்: நான் கேட்டதை நீ செய்திருந்தால் அதை மாற்றிவிடு. அதுவும் தொலையலாம். ஆகவே ஒப்புகை கிடைக்கும்வரை அதையே மறுபடி மறுபடி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு விற்பனைக்கும் தனி எண் இருப்பதால் வங்கி ஒரே கோரிக்கையை இரண்டாக எண்ணாது. இரவில் செட்டில்மெண்ட் நடக்கும்போது இரு தரப்புக் கணக்கும் நேருக்கு நேர் வைக்கப்படும். இவ்வளவும் செய்தாலும் மாலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்கும் பாட்டிக்கு, அந்த நொடியில், விடை தெரியாது. இங்கே இன்னொரு சங்கடமும் இருந்தது. 2014 முதல் 2024 முடியும்வரை ஜோகூருக்கு வெள்ளியும் சனியும் வார ஓய்வு. கோலாலம்பூருக்குச் சனியும் ஞாயிறும். இரண்டு நாள் காத்திருந்து ஞாயிறு காலையில் அலுவலகம் திறந்து கணக்கு விசாரிக்கப் போனால், தலைநகரத்து மேசையில் ஆள் இருக்க மாட்டார். 2025 ஜனவரியில் ஓய்வு நாள் மாறியதும் அது தீர்ந்தது.

கணக்கை நேருக்கு நேர் வைப்பது நம் சமயத்துக்குப் புதிதல்ல. சேக்கிழார் சொல்லும் தடுத்தாட்கொண்ட கதையை நினைத்துப் பாருங்கள். புத்தூரில் நம்பியாரூரருக்குத் திருமணம். கிழவர் ஒருவர் வந்து, இவன் எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது என்கிறார். ஆரூரர் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழித்தது படியோலைதான், மூலவோலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். வழக்கு அந்த ஊர் அவைக்குப் போகிறது. அவையோர் மூலவோலையைப் பார்க்கிறார்கள். அதோடு விடவில்லை, அதை எழுதிக்கொடுத்த ஆரூரரின் பாட்டனார் கைச்சாத்துள்ள வேறு ஓலையை வரவழைத்து எழுத்தை ஒப்பு நோக்குகிறார்கள். அதன் பிறகே தீர்ப்பு.

அந்தக் கிழவர் சிவபெருமான். அண்டம் முழுவதும் அவன் உடைமை. ஆரூரரும் அவன் ஆள்தான். இருந்தும் ‘நான் இறைவன், என் சொல் போதும்’ என்று அவன் சொல்லவில்லை. அவைக்கு வந்தான், ஆவணம் காட்டினான், மனிதர்கள் சரிபார்க்கும்வரை காத்து நின்றான். உரிமை உள்ளவனே சரிபார்ப்புக்கு நின்றான் என்றால், உரிமை உறுதியாகாத ஐந்து வெள்ளியை ‘அம்மன் கணக்கு’ என்று வைத்துக்கொள்ள நமக்கு என்ன அதிகாரம்? பெரியவரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மாசாயில் உணவுக் கடை வைத்திருக்கும் ஒரு நானாவிடம் இதைச் சொன்னபோது அவர் தன் பக்கத்திலிருந்து ஒன்று சொன்னார். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா என்று கேட்டார். கடன் கணக்கு எழுதுவதைப் பற்றியது; அல்-பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். கடனை எழுதி வையுங்கள், எழுத்தர் நியாயமாக எழுதட்டும், சாட்சி வையுங்கள் என்று அது போகிறதாம். நானா இரண்டு இடங்களை அழுத்திச் சொன்னார். வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவர். வாங்க வேண்டியவர் அல்ல. எழுத்தருக்கும் சாட்சிக்கும் தீங்கு வரக் கூடாது. “வாங்குறவன் சொல்லி எழுதினா கூட்டித்தான் எழுதுவான் தம்பி. அதான் அல்லா அப்படி வெச்சிருக்கான்.”

இந்த இரண்டும் என் வேலையில் நேரே வந்து உட்காருகின்றன. கல்லாவையும் மெஷினையும் இணைத்தபின் தொகையைச் சொல்வது முழுக்கக் கடையின் பக்கம் போய்விடுகிறது. கொடுப்பவர் அதைப் பார்க்கவாவது வேண்டாமா? மெஷினின் திரை கல்லாப் பக்கம் திரும்பியிருந்தால் நான் தாங்கியைக் கழற்றி வாடிக்கையாளர் பக்கம் திருப்பி மாட்டுவேன். எழுத்தருக்குத் தீங்கு கூடாது என்பது இதைவிட முக்கியம். கணக்கு உதைத்தால் பல கடைகளில் கல்லாவில் இருக்கும் பிள்ளையின் சம்பளத்தில் பிடித்துவிடுகிறார்கள். அதனால்தான் ஐயம் வந்தவுடன் அந்தப் பிள்ளை பயந்துபோய் இன்னொரு முறை தட்டச் சொல்கிறது. வங்கிக்கும் கடைக்கும் நடுவே ஒரு செய்தி தொலைந்ததற்கு, அங்கே இருப்பவர்களில் மிக எளிய இருவர், வாங்க வந்தவரும் கல்லாப் பிள்ளையும், மாறி மாறி விலை கொடுக்கிறார்கள்.

இதை நான் எங்கள் வீட்டில் முன்பே கேட்டிருக்கிறேன். என் பாட்டி ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பாலை நிறுத்துக் கிராணி எழுதுவார். இன்று குறைவாக எழுதிவிட்டாரோ என்று தோன்றினாலும் கேட்க முடியாது. ஏடு அவர் கையில், எழுத்தும் அவருக்குத்தான் தெரியும். பாட்டி கைநாட்டு வைப்பார். சந்தேகம் வந்த நாளெல்லாம் அதன் பலன் தோட்டத்துக்கே போனது. குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுக்கிறார்கள். அரசாங்கத்தின் பலம் முழுவதும் எதிர்ப் பக்கத்தில் இருப்பதால் அப்படி ஒரு நியாயம். ஏடும் இயந்திரமும் யார் கையில் இருக்கிறதோ அவர் எதிரில் நிற்பவருக்கும் அதே நியாயம் கிடைக்க வேண்டும். பாட்டிக்குக் கிடைக்கவில்லை. நான் எழுதும் மென்பொருளில் அது கிடைக்காமல் போனால், நானும் கிராணி வேலைதான் பார்க்கிறேன்.

மலேசியாவில் ஒரு காசு நாணயம் புழக்கத்திலிருந்து ஒதுங்கியதும் இதற்கு உதவும் செய்திதான். 2008 ஏப்ரல் 1 முதல் ரசீதின் மொத்தத் தொகையை ஐந்து காசுக்குச் சரிக்கட்டுகிறோம். கடைசி இலக்கம் 1, 2, 6, 7 என்றால் குறைப்பார்கள். 3, 4, 8, 9 என்றால் கூட்டுவார்கள். பாதி வாங்குபவருக்கு, பாதி விற்பவருக்கு. தீர்க்க முடியாத சில்லறையின் நட்டம் ஒரே பக்கம் விழாதபடி பேங்க் நெகாரா யோசித்துவிட்டுத்தான் விதி செய்தது. இரண்டு காசுக்கு அவ்வளவு யோசனை செய்த நாட்டில், பதில் வராத கார்டுக்கு ஒவ்வொரு கடையும் யோசிக்காமலே ஒரு விதி வைத்திருக்கிறது: மறுபடி தட்டு.

கியூஆர் வந்தபின் இது தீர்ந்ததா என்றால் வேறு உருவம் எடுத்திருக்கிறது. டுயிட்நவ் கியூஆர் அட்டையை மேசையில் ஒட்டிவைத்த கடையில், வாங்கியவர் தன் கைப்பேசித் திரையைக் காட்டிவிட்டுப் போகிறார். கடைக்காரர் பணம் வந்ததைக் கண்டதாக நினைக்கிறார். அவர் கண்டது ஒரு படம். சித்தியார் கணக்கில் அது காண்டல் ஆகாது; வாங்கியவரின் உரை. உரையை ஏற்பதற்குச் சொல்பவர் நம்பத்தக்கவராக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. கல்லாவே ஒவ்வொரு விற்பனைக்கும் புதுக் கியூஆர் காட்டி, பணம் வந்த செய்தியையும் தானே வாங்கிக்கொள்வது இதைவிட நல்லது.

கடைசியில் அந்தக் கோயிலில் நாங்கள் செய்த ஏற்பாடு எளியது. பதில் வராத விற்பனைக்கு மூன்றாவது நிலை ஒன்று வைத்தோம். திரையில் சிவப்பு இல்லை, தோல்வி என்ற சொல்லும் இல்லை. ‘இன்னும் தெரியவில்லை’ என்று தமிழிலும் மலாயிலும் வரும். அந்த நிலையில் அதே சீட்டுக்கு இரண்டாம் முறை கார்டைத் தட்ட மென்பொருள் விடாது. உள்ளுக்குள் வங்கியைக் கேட்டுக்கொண்டிருக்கும். அரை நிமிடத்தில் விடை வரவில்லை என்றால் சீட்டை அச்சடித்துக் கொடுத்து, பக்தரை உள்ளே அனுப்பிவிடும். பணம் வராமல் போனால் அது கோயிலின் நட்டம். தம்பியின் சம்பளத்தில் கை வைப்பதில்லை என்று நிர்வாகக் குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். இதற்குச் சம்மதம் எளிதில் வரவில்லை. வேண்டுமென்றே ஏமாற்றுவார்களே என்றார்கள். இணைப்பை அறுக்கும் வழி பக்தர் கையில் இல்லை என்று விளக்கினேன். ஐந்து வெள்ளிக்காக அம்மன் சந்நிதியில் பொய் சொல்பவர் இருந்தால், அவரும் உள்ளே போய் நிற்கட்டும் என்றார் அதே பெரியவர். அவர் சொன்னபின் யாரும் மறுக்கவில்லை.

திருமண மண்டப முன்பணத்துக்கு இந்த விதி கிடையாது. நகைக் கடையில் இதைச் செய்யச் சொல்லவும் மாட்டேன். தொகை பெரிதானால் பொருளைக் கொடுக்காமல் நிறுத்திவைக்கலாம். ஆனால் மறுபடி தட்டச் சொல்லாமல், தேதி, நேரம், விற்பனை எண் போட்ட துண்டுச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, ‘விசாரித்துச் சொல்கிறோம்’ என்று சொல்ல வேண்டும். காத்திருப்பதிலும் ஒரு மரியாதை இருக்கிறது.

அந்த அம்மாவின் இரண்டாவது ஐந்து வெள்ளி, விற்பனை எண்ணை வைத்து வங்கி வழியாக அவர் கார்டுக்கே திரும்பியது. அதை அவர் உண்டியலில் போட்டாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம், கடை எதுவானாலும், கார்டு மெஷினும் கல்லாவும் இணைந்த முகப்பை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு மென்பொருள் போட்டுத் தந்தவரைக் கூப்பிட்டு, பதில் வராத விற்பனையை அது எந்தக் கணக்கில் வைக்கிறது என்று கேளுங்கள். ‘தோல்வி’யில் வைக்கிறது என்றால் மாற்றச் சொல்லுங்கள். அதுவரை, இரவு செட்டில்மெண்ட் முடிந்ததும், ஒரே கார்டில் ஒரே தொகை அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், யாரும் வந்து கேட்பதற்கு முன் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கார்டு தட்டப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: திரை தோல்வி என்று சொன்னால் உடனே மறுபடி தட்டாதீர்கள். வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள். பணம் போயிருந்தால் அதைக் கல்லாவில் காட்டி, விற்பனை எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.